காய்ச்சல் இல்லாதவர்களின் கட்டில்

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆசுபத்திரியில் பன்னிரண்டு கட்டில்கள். பதினொன்று நோயாளிகளுக்கு. சன்னலோரத்துப் பன்னிரண்டாவது கட்டிலில் படுத்தவர்களுக்கு ஒருநாளும் ஒரு நோயும் இருந்ததில்லை. ஆசுபத்திரியைப் பார்த்துக்கொள்கிற டிரெசர் அந்த ஆளின் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். வெள்ளைக்காரத் துரை பக்கத்தில் நின்றால் நாக்கையும் நீட்டச் சொல்வார். பிறகு, "நல்ல காய்ச்சல். ஆறு நாள் படுக்கோணும்" என்பார். முகத்தில் ஒரு சின்ன அசைவு இருக்காது. அவ்வளவு கூசாமல் பொய் சொன்ன இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

அவர் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். மறந்துவிடவில்லை, நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. தன்னிடம் வந்து சொன்னவர்களில் ஒருவரின் பெயரைக்கூட அவர் தோட்டத்தை விட்டுப் போகும்வரை வெளியே விட்டதில்லை. அப்படிப்பட்டவரைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டு அவர் பெயரை நான் ஊருக்குச் சொன்னால் நன்றாகவா இருக்கும்? டிரெசர் என்றால் போதும். கோலா சாவா சுற்றுவட்டாரத்தில் அந்தக் காலத்தில் டிரெசர் என்றால் அவர்தான். மற்றத் தோட்டத்து டிரெசர்கள் மருந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி ஆள். முழங்கால் வரைக்கும் காக்கிக் கால்சட்டை, தோளில் ஒரு வெள்ளைத் துவாலை, அவருக்குப் பத்தடி முன்னாலேயே வந்து நிற்கும் கார்போலிக் வாடை. வந்த புதிதில் அவர் தமிழைக் கேட்டு நாங்கள் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். "என்ன பிள்ளை, வயித்துக்கை குத்துதோ?" என்று அவர் கேட்டால் வயிற்றுவலிக்காரியும் சிரித்துவிடுவாள். கட்டுத் துணியைத் துவைத்துத் துவைத்து நூல் நூலாகப் பிரியும்வரை விடமாட்டார், அப்படி ஒரு கஞ்சன். கை கழுவாமல் கஞ்சிப்பானையைத் தொட்டவளை அரைமணி நேரம் நிற்கவைத்துத் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை, கணக்கெழுதுகிற கிராணியோடு சீட்டாடும்போது பட்டப்பகலில் ஏமாற்றுவார். கிராணி பிடித்துவிட்டால், "ஓம், ஏமாத்தினான்தான். இவ்வளவு நேரம் பாக்காமல் இருந்தது உம்மட பிழை" என்பார். அவருக்குப் பொய் சொல்வது ஒரு பாவமாகவே தெரியாது. ஆனால் பிறர் ஒன்றைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருப்பதை மட்டும் அவரால் தாங்க முடியாது. அவரை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

அந்தக் குணத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவர் வந்த இரண்டாம் வருடம், மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள், நல்ல பகலில், இரண்டாம் லயத்து வரிசைவீட்டுப் பையன் ஒருவன் இன்னொருவனை வயிற்றில் குத்திவிட்டான். டிரெசர் தைத்துக்கொண்டிருக்கும்போதே குத்துப்பட்டவன் செத்துப்போனான். குத்தியவனை விலங்கு போட்டுச் சிரம்பான் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவனும் திரும்பி வரவில்லை. டிரெசர் முழங்கை வரைக்கும் காய்ந்த ரத்தத்தோடு லயத்து வாசலுக்கு வந்தார்.

"உது நடக்கப் போகுது எண்டு ஆருக்காவது தெரியுமோ?" என்று கேட்டார்.

குழாயடியில் இருந்த ஒருத்தி சொன்னாள், "ரெண்டு மாசமா மொறைச்சுக்கிட்டுத்தான்யா திரிஞ்சானுங்க." முடிவெட்டுகிறவர் சொன்னார், "போன வாரம் எங்கிட்டயே சவரக்கத்தி கேட்டான்யா, நான் குடுக்கல." கள்ளுக்கடையில் பேசியதை ஒருவன் சொன்னான். ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் பார்த்தால் லயத்தில் அதைத் தெரியாதவர் யாருமே இல்லை.

டிரெசர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உங்கள் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் பிணமாத்தான் தெரிய வருது" என்றார். அப்படியே திரும்பி நடந்து போனார். ஒரு வாரம் யாரிடமும் மருந்துப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

அதற்குப் பிறகுதான் கொய்னா வரிசையில் அந்த வழக்கம் வந்தது. மலேரியாவில் ஆள் சாய்ந்துகொண்டிருந்த காலம் அது. காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாய் கொய்னா மருந்துத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் காட்டுக்குப் போக வேண்டும். முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். அந்தக் கசப்பு மத்தியானச் சோறு வரைக்கும் நாக்கில் நிற்கும். அதை இன்னொரு தடவை வேண்டும் என்று கேட்கிற மனிதர் கிடையாது அல்லவா? அதனால் டிரெசர் அதையே அடையாளமாக வைத்தார். "இன்னொரு வாய் ஊத்துங்கய்யா" என்று யாராவது கேட்டால், கத்தி தூக்கப் பார்க்கிற ஒரு பையனைப் பற்றிச் சொல்ல, அப்படிக் கேட்டவரிடம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். வேலை முடிந்து, மருந்து வாங்குகிற சாக்கில் ஆசுபத்திரிக்குப் போய் டிரெசரிடம் சொல்ல வேண்டும்.

கேட்டவருக்கு அவர் நிஜமாகவே இரண்டாவது வாய் ஊற்றுவார். குடித்தாக வேண்டும். சும்மா வாய்ப்பேச்சுக்கு அடுத்தவன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்கே பயந்து நின்றுவிட்டார்கள்.

அதோடும் விட்டாரா? ஒரே பையனைப் பற்றி மூன்று பேர் சொல்ல வேண்டும் என்றார். மூன்று பேரும் மூன்று வீடாக இருக்க வேண்டும். "ஒரே சட்டியிலை தின்னுற மூண்டு பேர் எனக்கு ஒரு ஆள்" என்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அந்த மூவரில் ஒருவராவது அந்தப் பையனைப் பிடித்தவராக இருக்க வேண்டும். பிடிக்காதவர்கள் ஆயிரம் சொல்வார்கள், பிடித்தவர் சொன்னால்தான் விஷயம் முற்றிவிட்டது என்று தெரியும் என்பது அவர் கணிப்பு. நாலாம் லயத்து மாமியார் ஒருத்தி மருமகனை மாட்டிவிடுவதற்காகத் தொடர்ந்து ஐந்து நாள் இரண்டாவது வாய் குடித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஐந்தாம் நாள் டிரெசர், "அம்மா, இனி உங்களுக்கு மூண்டு வருசத்துக்குக் காய்ச்சல் வராது. உங்கட மருமகனுக்கு ஒண்டும் இல்லை. போயிட்டு வாங்கோ" என்று அனுப்பிவைத்தார்.

மூன்று பேர் சேர்ந்துவிட்டால் அந்தப் பையனுக்கு மறுநாள் காலையில் காய்ச்சல் வந்துவிடும். பன்னிரண்டாவது கட்டில். அங்கே புத்திமதி எதுவும் கிடையாது. போத்தல் கழுவ வேண்டும். வெட்டுக்காயத்தோடு யாராவது வந்தால் டிரெசர் தைத்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடிக்க வேண்டும். வாட்டசாட்டமான பயல்கள் அங்கே மயங்கி விழுந்திருக்கிறார்கள். சாயங்காலம் அவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, "ஆரிலை கோவம்? முதலிலை இருந்து சொல்லு" என்பார். முழுக்கக் கேட்பார். பிறகு கங்காணியிடம் பேசி ஒருவனுக்கு வேறு லயத்தில் வீடு மாற்றிக் கொடுப்பார். ஒருவனைப் புக்கிட் பெலண்டோக் பக்கம் தன் சிநேகிதர் இருந்த தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். ஒருவனுடைய கல்யாணப் பேச்சை அவரே போய்ப் பேசி முடித்தார்.

ஊரே அவரைக் கும்பிட்டது. எனக்கு மட்டும் அவரைப் பிடிக்காது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே. அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிப் போய் ஓதுவது என்ன பிழைப்பு என்று நினைப்பேன். இன்றைக்குக் காய்ச்சல் என்று கட்டிலில் போடுகிறவர், நாளைக்குத் துரை முறைத்தால் அந்தப் பேர்களை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட மாட்டாரா? குழாயடியில் இதை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, நாக்கு நீளம்.

பிறகு அது எங்கள் வீட்டுக்கே வந்தது.

அம்மா முன்னமே இறந்துவிட்டாள். அப்பா, நான், என் தம்பி, மூன்று பேரும் ரப்பர் மரம் சீவினோம். ஒருநாள் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல். டிரெசர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டைப் பெரட்டில் காட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்ள வேண்டியது. அப்பா போர்வையோடு போய் மண்டோர் கையில் சீட்டைக் கொடுத்தார். ஆட்களை வேலைவாங்குகிற அந்த மண்டோருக்கு எங்கள் குடும்பத்தின் மேல் என்ன எரிச்சலோ, சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். "வேசம் போடறியா? நேரங்கழிச்சு வந்துட்டு வேசமா? போடு நூறு தோப்புக்கரணம்" என்றான்.

இருநூறு பேருக்கு முன்னால் என் அப்பா காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். முப்பதைத் தாண்டவில்லை, விழுந்துவிட்டார். ஒருவர் வாய் திறக்கவில்லை. எட்டாம் நாள் ஆசுபத்திரியில் செத்துப்போனார்.

டிரெசர் துரையிடம் போனார். சீட்டே தரவில்லை என்று மண்டோர் சாதித்துவிட்டான். சீட்டைக் கொடுத்ததை நானும் தம்பியும் பார்த்தோம் என்றோம். வீட்டு ஆள் சொல்வது செல்லாது, வேறு யார் பார்த்தது என்று துரை கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மண்டோர் நினைத்தால் நல்ல பால் தரும் மரங்களைப் பறித்துக்கொண்டு சதுப்பு நிலத்து வேலைக்குத் தள்ளிவிடுவான், அந்தப் பயம். நான் அவர்களை மன்னிக்கவில்லை.

தம்பிக்குப் பதினெட்டு வயது. முதல் இரண்டு வாரம் அவன் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. "அவனைச் சீவாம விடமாட்டேன்" என்று லயத்து வாசலில் நின்று கத்துவான். கள்ளுக்கடையில் குடித்துவிட்டு மண்டோர் வீட்டுப்பக்கம் போய்க் காறித் துப்புவான். முடிவெட்டுகிறவரும் எதிர்வீட்டு அக்காவும் கொய்னா வரிசையில் இரண்டாவது வாய் கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். யாரைப் பற்றி என்று சொல்லவா வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா விழுந்தபோது திறக்காத வாய், இப்போது கொய்னாவுக்குத் திறக்கிறதா?

அப்புறம் திடீரென்று பையன் மாறிப்போனான். கத்தலை விட்டான். கள்ளை விட்டான். வழியில் மண்டோரைப் பார்த்தால் ஒதுங்கி நின்று சலாம் வைத்தான். வேலை முடிந்து வந்ததும் பாராங்கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பட்ட ரப்பர் மரத்தை வெட்டி, பிளந்து, வீட்டுக்குப் பின்னால் அடுக்கினான். நாள்தோறும் அடுக்கினான். கூரையில் அத்தாப்பு ஓலை மாற்றினான். ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாளைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைத்தான். லயமே மெச்சியது. எதிர்வீட்டு அக்கா என் கன்னத்தைத் தொட்டு, "தங்கமாயிட்டான்டி ஒன் தம்பி. நானும் அந்த முடிவெட்டுறவரும் டிரெசர்கிட்ட நேராவே போயி, நாங்க சொன்னத மறந்துடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டோம்" என்றாள்.

நானும் இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது மீன் தலையை என் தட்டில் வைத்தான். மீன் தலைக்கு என்னோடு கட்டிப்புரண்டு சண்டை போடுகிறவன். "அக்கா, இந்த வெறகு ஒரு ஆளுக்கு எத்தனை மாசம் வரும்?" என்றான்.

ஒரு ஆளுக்கு. நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.

"தாழ்ப்பாள உள்பக்கமா நல்லா இழுத்துப் போடணும், பழகிக்க" என்றான் பிறகு. எழுந்து கை கழுவப் போகிற சாக்கில் கூரைச் சொருகலைப் பார்த்தேன். வழக்கமாக அங்கே செருகியிருக்கும் பாராங்கத்தி இல்லை. இவன் திருந்தவில்லை, போவதற்குத் தயாராகிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்டோரை வெட்டுவான், தூக்குக்குப் போவான், நான் இந்த விறகை எரித்துக்கொண்டு தனியாகக் கிடப்பேன். வெள்ளிக்கிழமைதோறும் மண்டோர் தனியாக மேட்டுக்காட்டுக்கு மரம் பார்க்கப் போவான். தம்பிக்கும் அந்த வாரம் அங்கேதான் வேலை. அன்றைக்குத் திங்கள்.

செவ்வாய் வரிசையில் நின்றேன், வாய் வரவில்லை. புதனும் வரவில்லை. கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுப்பதா? அதுவும், நானே தூற்றிய அந்த மனிதரிடமா? வியாழக்கிழமை என் முறை வந்தது. குடித்தேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டேன். ஆண்கள் வரிசையில் இருந்து தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு வாய் ஊத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டிரெசர் என்னைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "கொசு கூடிப்போச்சு. இண்டைக்கு எல்லாருக்கும் ரெண்டு வாய்" என்றார்.

அடடா, அன்றைக்கு அவர் வாங்கிய திட்டு! இருநூறு பேரும் இரண்டு வாய் குடித்தார்கள். முன்னமே குடித்து முடித்தவர்களையும் திரும்பக் கூப்பிட்டு ஊற்றினார். மண்டோருக்கும் ஊற்றினார். என் தம்பியும் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு வாய் குடித்தான்.

வேலை முடிந்து மத்தியானம் ஆசுபத்திரிக்குப் போனேன். அவர் கட்டுத் துணி சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லும் பிள்ளை."

"அவன் வெறகு அடுக்கிட்டான்யா."

"ஓம், கேள்விப்பட்டன். நல்ல விசயம் எண்டு சொல்லித்தானே ரெண்டு பேர் தாங்கள் சொன்னதைத் திருப்பி எடுத்திட்டுப் போச்சினம்."

"மூணு மாசத்து வெறகுய்யா. ஒரு ஆளுக்கு எத்தனை மாசம் வரும்னு கேக்கறான். எனக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லித் தரான். பாராங்கத்தியக் காணல. நாளைக்கு மண்டோர் மேட்டுக்காட்டுக்குப் போவான்."

சுருட்டிய துணியை அவர் கீழே வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "மூணு பேரு வேணும்பீங்களே. நான் ஒருத்திதானே இருக்கேன்" என்றேன்.

"மூண்டு பேர் எண்டு நான் வைச்சது, உம்மைப் போல ஒரு ஆள் லேசிலை வராது எண்டபடியாத்தான். நீர் வந்திட்டீர். காணும், அது போதும்."

"போலீசுக்குச் சொல்லிடுவீங்களா?"

"காய்ச்சல்காரனை ஆராவது போலீசிலை குடுப்பினமோ?" என்றார். "கண்ணைத் துடையும். வெளியிலை போகேக்கை இருமிக்கொண்டு போம்."

மறுநாள் பெரட்டுக்குத் துரையும் வந்திருந்தார். டிரெசர் துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் வரிசையில் நடந்தார். ஆள் ஆளாகத் தாண்டி வந்து என் தம்பி முன்னால் நின்று கையைப் பிடித்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்று தம்பி கையை இழுத்தான்.

"அதைச் சொல்ல நான் இருக்கிறன்" என்று நாடி பார்த்தார். இன்னொரு கையால் அவன் முதுகைத் தடவினார். குளிருக்குப் போட்டிருந்த சாக்குத் துணிக்கு அடியில் நீளமாக ஒன்று இருந்தது. டிரெசர் கை அங்கேயே நின்றது.

"துரை, பொடியனுக்குக் கடும் காய்ச்சல். முதுகிலை பெரிய கட்டியும் இருக்கு. உடனை வெட்டி எடுக்கோணும்" என்றார்.

துரை மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி போ, சீக்கிரம் போ" என்றார். டிரெசர் தம்பியின் முதுகிலிருந்து கையை எடுக்காமலே அவனை நடத்திக்கொண்டு போனார். மண்டோர் மேட்டுக்காட்டுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தான். தனக்கு என்ன நடக்க இருந்தது என்று அந்தப் படுபாவிக்குத் தெரியவே தெரியாது. அன்றைய நோயாளிப் புத்தகத்தில், "கட்டி அகற்றப்பட்டது" என்று டிரெசர் எழுதிவைத்திருந்தாராம்.

கட்டிலில் கிடந்து தம்பி குதித்தான். "யாரு சொன்னா? யாரு அது?" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஆசுபத்திரிக் கஞ்சியைத் தொடவில்லை.

"உன்னைப் பிடிச்ச ஒரு ஆள்" என்றார் டிரெசர்.

"என்னைப் புடிச்ச ஆளா? அப்படி ஒரு ஆளு இந்தத் தோட்டத்துல இருந்தா எங்கப்பன் விழுந்தப்ப வாயைத் தொறந்திருக்கும்."

அன்று சாயங்காலம் டிரெசர் லயத்துக்கு வந்தார். முன்பு ஒருமுறை ரத்தக் கையோடு நின்ற அதே வாசலில் நின்று, தம்பி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவர்களிடம் சொன்னார். "பொடியன் இப்பிடிக் கேக்கிறான். நான் என்ன மறுமொழி சொல்ல?" என்றார். பதிலுக்கு அவர் நிற்கவில்லை.

முதலில் போனவர் முடிவெட்டுகிறவர். அவர் எதற்குப் போனார், அவருக்குள் என்ன ஓடியது, எனக்குத் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பிக்குச் சவரம் செய்துவிட்டு, "தேடாத தம்பி. நான்தான் சொன்னேன்" என்றார். தம்பி அவரை அடிக்கக் கை ஓங்கினானாம். பாதிச் சவரத்தோடு எப்படி அடிப்பது?

அடுத்தது எதிர்வீட்டு அக்கா. கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுபோனாள். "அந்த முடிவெட்டுறவரு சொன்னத நம்பாத. நான்தான்டா சொன்னேன். எல்லாருந்தான் ரெண்டு வாய் குடிச்சோம், யாருன்னு கண்டே? நான்தான்" என்றாள்.

மறுநாள், முன்பு ஐந்து நாள் கொய்னா குடித்த அந்த மாமியார் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "எனக்கு ரெண்டு வாய் ஒரு பெரிசாடா? நான்தான் சொன்னேன். என்ன பண்ணுவே?" என்றாள். பிறகு அவள் மருமகனே வந்தான், "அது பொய், நான்தான்" என்றான். அடுத்தடுத்து ஆள். வேலை முடிந்ததும் ஆசுபத்திரித் தாழ்வாரத்தில் தூக்குச்சட்டிகளோடு வரிசை நின்றது. முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் மூன்றாம் நாள் சிரித்துவிட்டான். நாலாம் நாள் யாரோ ஒரு கிழவர், அவனோடு ஒரு வார்த்தை பேசியே இராதவர், வந்து "நான்தான்" என்றதும் அவர் மடியில் முகத்தை வைத்து அழுதானாம்.

நானும் தினமும் கஞ்சி கொண்டுபோனேன். கொடுத்துவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வந்துவிடுவேன்.

ஐந்தாம் நாள் எதிர்வீட்டு அக்கா, மாமியார், மருமகன், இன்னும் ஏழெட்டுப் பேர் டிரெசர் முன்னால் வந்து நின்றார்கள். "ஐயா, தொரைய இப்பக் கேக்கச் சொல்லுங்க. நாங்க பாத்தத சொல்றோம்" என்றார்கள். டிரெசர் என் அப்பாவுக்குச் சீட்டு எழுதிய நாளின் பக்கத்தில் அடையாளம் வைத்து, நோயாளிப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார்.

அடுத்த நாள் பெரட்டு. துரை மண்டோரைப் பக்கத்தில் நிறுத்தினார். "அந்த நாள் அந்தக் கிழவன் இவன்கிட்ட சீட்டு குடுத்தான். யார் பாத்தான்? சொல்லு" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில்.

மண்டோர் பிரம்பைத் தட்டிக்கொண்டு வரிசையை ஒரு பார்வை பார்த்தான். மறுபடியும் தரையைப் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"நான் பாத்தேன் தொரை" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "சீட்ட வாங்கிச் சட்டைப்பையில வச்சாரு."

"நானும் பாத்தேன்." அது மருமகன்.

"நான் பாத்தேன்."

"நானும்தான்."

பெண்கள் வரிசை முழுக்கச் சொல்லி, ஆண்கள் வரிசைக்குப் போய், கடைசியில் பால் வாளியோடு நின்றவன் வரைக்கும் போயிற்று. நான் கொஞ்ச தூரம் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என் அப்பா எங்கேயோ எழுந்து உட்கார்ந்த மாதிரி எனக்கு இருந்தது. அந்தத் துரையை நல்லவர் என்று நான் சொல்ல மாட்டேன். இருநூறு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்? மண்டோர் கையிலிருந்த பிரம்பை வாங்கிக் கிராணியிடம் கொடுத்தார். மத்தியானத்துக்குள் அவன் மூட்டை முடிச்சோடு கோலா கிளாவாங் பக்கம் போய்விட்டான். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துப் பெரட்டில் யாரும் காதைப் பிடிக்கவில்லை. டிரெசர் எங்களோடு இருந்த அத்தனை வருடமும், ஆளை வெட்டிவிட்டுச் சிரம்பானுக்கு விலங்கோடு போனவன் எங்கள் தோட்டத்தில் ஒருவனும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்டால் இதை நாங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம்.

அந்தச் சத்தம் போய்க்கொண்டிருந்த நேரம் தம்பி ஆசுபத்திரித் தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். டிரெசர் அவன் கையை விடாமல் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே இருந்தாராம். கடைசி ஆள் சொல்லி முடித்த பிறகுதான், "இப்பத்தான் இறங்குது" என்று கையை விட்டாராம்.

சாயங்காலம் நான் அவனைக் கூட்டிவரப் போனேன். டிரெசரிடம் ஏதாவது நன்றாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். இவ்வளவு நாள் தூற்றியதற்கு மன்னிப்பாவது கேட்க வேண்டும். அவர் என்னைப் பேச விடவில்லை. "தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போம் பிள்ளை, ஈ மொய்க்குது" என்று சிடுசிடுத்தார். நான் கழுவி எடுத்துக்கொண்டேன்.

லயத்துக்குத் திரும்புகிற இடத்தில் தம்பி நின்றான்.

"இத்தன நாள்ல எத்தன பேரு வந்தாங்க தெரியுமாக்கா? வந்த அத்தன பேரும் நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன்னாங்க."

"ம்" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"தெனமும் வந்தும் நீ ஒருத்திதான் அதச் சொல்லல."

தட்டு என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுத்தான். சட்டையில் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"பசிக்குதுக்கா. வா, வீட்டுக்குப் போவோம்" என்றான்.